சீனாவில் முதல்முறை ஹாட்பாட் சாப்பிடப் போகிறவர்களுக்கு: கிளம்புவதிலிருந்து பில் கட்டுவது வரை

படிப்பு, வேலை, சுற்றுலா என்று எந்தக் காரணத்துக்காகச் சிச்சுவான் பக்கம் போனாலும் ஒருநாள் ஹாட்பாட் கடைக்குள், அதாவது மேசை நடுவில் கொதிக்கும் குழம்பில் நாமே வேகவைத்துச் சாப்பிடும் கடைக்குள், நுழைந்தே தீருவீர்கள். உட்கார்ந்த பிறகுதான் கேள்விகள் வரிசைகட்டி நிற்கும். மேசை நடுவில் அடுப்பு இருக்கும். மெனு புத்தகம் இருக்காது, மேசை ஓரத்தில் ஒட்டிய க்யூஆர் கோடுதான். அதைத் திறந்தால் முழுக்கச் சீன எழுத்து. குழம்பில் என்ன கொழுப்பு, எதை எவ்வளவு நேரம் வேகவைப்பது, பணம் எப்படிக் கட்டுவது என்று எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்காது. நான் இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இதில் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே சரிசெய்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. ஒன்று, கைபேசியில் பணம் கட்டும் வசதி. இன்னொன்று, குழம்பில் என்ன இருக்கிறது என்கிற தெளிவு. அதனால் அந்த இரண்டையும் விரிவாக எழுதியிருக்கிறேன். விலைகள் செங்டு, சோங்சிங் நகரங்களின் நடுத்தரக் கடைகளை மனதில் வைத்துச் சொன்னவை. ஒரு யுவான் ஏறக்குறைய 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஊரிலிருந்து கிளம்பும் முன்: கார்டு, கைபேசி, பாஸ்போர்ட்

சீனாவில் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் அலிபே, வீசாட் பே ஆகிய இரண்டு செயலிகள் வழியாகத்தான் பணம் வாங்குகின்றன. வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இரண்டிலும் இணைக்கலாம். ரூபே அட்டை இணையாது. உங்களிடம் ரூபே மட்டும்தான் இருக்கிறதென்றால், பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே வங்கியில் விசா அல்லது மாஸ்டர்கார்டு கேட்டு வாங்கிவிடுங்கள்.

இந்திய அட்டை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் முதல் தரப்படும் புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடப்பட்டே வரும். நாமாகத்தான் திறக்க வேண்டும். வங்கிச் செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பயன்பாடு, இணையவழிப் பயன்பாடு இரண்டையும் திறந்து, அன்றாட வரம்பையும் உயர்த்தி வையுங்கள். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு இன்னொன்றை மறந்தவர்கள்தான் கல்லாவுக்கு முன்னால் நின்று தவிக்கிறார்கள். முடிந்தால் இரண்டு வெவ்வேறு வங்கிகளின் அட்டைகளை இணையுங்கள். ஒரு வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடு சந்தேகப்பட்டுப் பரிவர்த்தனையை நிறுத்தினாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

செயலிகளை ஊரில் இருக்கும்போதே நிறுவி, உங்கள் எண்ணிலேயே பதிவு செய்யுங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். சீனா போய்ச் சேர்ந்த பிறகு சிம் வேலை செய்யவில்லை என்றால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். அடையாளச் சரிபார்ப்புக்குப் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தைப் பதிவேற்றச் சொல்வார்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிற வரிசையிலேயே, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். தந்தை பெயர், இனிஷியல் குழப்பம் நம்மவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. வீசாட் புதிதாகப் பதிவு செய்யும்போது, ஏற்கெனவே அதைப் பயன்படுத்தும் ஒருவர் உங்களை உறுதிசெய்ய வேண்டும் என்று சில சமயம் கேட்கும். அதனால் அதைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

வெளிநாட்டு அட்டையோடு கட்டும்போது ஒரு பரிவர்த்தனை 200 யுவானுக்குள் இருந்தால் செயலி தனிக் கட்டணம் எடுக்காது. தாண்டினால் முழுத் தொகைக்கும் 3 சதவீதம் சேரும். உங்கள் வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் இதற்கு வெளியே. ஹாட்பாட் பில் எளிதாக 200ஐத் தாண்டும் என்பதால் இதைக் கடைசிப் படியில் திரும்பவும் பார்ப்போம்.

ரொக்கமாக 300 முதல் 500 யுவான் வரை, சின்ன நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் சில்லறை கொடுக்கக் கடையில் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது இணையம். ஓட்டல் வைஃபையிலும் உள்ளூர் சிம்மிலும் கூகுள் மேப்ஸ், கூகுள் மொழிபெயர்ப்பு, வாட்ஸ்அப் எதுவும் திறக்காது. உங்கள் ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டுக்கொண்டால், அல்லது வெளிநாட்டு இ-சிம் வாங்கினால் திறக்கும். சீன மொழிப் பொதியை மொழிபெயர்ப்புச் செயலியில் முன்பே இறக்கி வைத்துவிடுங்கள், இணையம் இல்லாத நேரத்திலும் உதவும். வீசாட்டின் ஸ்கேன் வசதிக்குள்ளேயே படத்தை மொழிபெயர்க்கும் பகுதி இருக்கிறது.

விசா பற்றி ஒரு வரி மட்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும்.

சீனாவில் இறங்கிய அன்றே ஏதாவது ஒரு சின்னக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி இரண்டு செயலிகளையும் சோதித்துவிடுங்கள். கோளாறு எதுவானாலும் இரண்டு யுவான் தண்ணீர் பாட்டிலில் தெரியட்டும், 300 யுவான் பில்லில் வேண்டாம்.

2. எந்த வகைக் கடை என்று முடிவு செய்யுங்கள்

ஹாட்பாட் என்றாலே சிவப்பு எண்ணெய் மிதக்கும் காரக் குழம்பு என்று நினைக்க வேண்டாம். அது சிச்சுவான், சோங்சிங் வகை. பெய்ஜிங்கில் கரி போட்ட செம்புப் பாத்திரத்தில், இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்ட வெறும் தண்ணீரில் ஆட்டிறைச்சித் துண்டுகளை அலசிச் சாப்பிடுவார்கள். தெற்கே சாவ்ஷான் வகை, மாட்டிறைச்சியை மட்டுமே மையமாகக் கொண்டது. காரம் ஆகாதவர்களுக்குப் பெய்ஜிங் வகைதான் என் முதல் சிபாரிசு.

ஹலால் தேடுகிறவர்களும் பெய்ஜிங் வகையிலிருந்தே தொடங்கலாம். செம்புப் பாத்திரக் கடைகளில் பல, ஹுய் முஸ்லிம்கள் நடத்துபவை. 1903இல் தொடங்கிய தோங்லாய்ஷுன் அப்படிப்பட்ட பழைய பெயர். கடைப் பலகையில் ‘ச்சிங்ஜென்’ (清真) என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், பெரும்பாலும் பக்கத்தில் அரபியும் இருக்கும். அந்த எழுத்துகளைக் கைபேசியில் சேமித்து வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

சீனம் துளியும் தெரியாது, முதல்முறை என்றால் ஹாய்திலாவ் போன்ற பெரிய சங்கிலிக் கடைக்குப் போவதில் தவறில்லை. 1994இல் சிச்சுவானின் ஜியான்யாங்கில் தொடங்கிய நிறுவனம் அது. டேப்லெட்டில் படத்தோடு மெனு, நான்கு அறை கொண்ட பாத்திரம், பாதி அளவுத் தட்டு, காத்திருக்கும்போது கொறிக்கத் தின்பண்டம் எல்லாம் உண்டு. விலை கொஞ்சம் கூடுதல். ருசியில் தெருக்கடைகள் பல அதைவிட மேல் என்பது என் கருத்து. ஆனாலும் பழகிக்கொள்ள நல்ல இடம்.

தனியாகப் பயணம் செய்கிறவர்கள் பெரிய ஹாட்பாட் கடையில் உட்கார்ந்தால் ஒரு முழுப் பாத்திரக் குழம்புக்கும் பணம் கட்ட வேண்டும். அதற்குப் பதில் மூன்று வழிகள் உண்டு. ஆளுக்கொரு சின்னப் பாத்திரம் வைத்து, சுற்றிவரும் பட்டையில் தட்டுகள் நகரும் ‘ஷியாவ் ஹுவோகுவோ’ கடைகள் ஒன்று. குச்சியில் குத்திய துண்டுகளை எடுத்து வேகவைத்து, கடைசியில் குச்சிகளை எண்ணிப் பணம் கட்டும் ‘ச்சுவான்ச்சுவான்’ இன்னொன்று. நீங்கள் தேர்ந்த காய்கறி, இறைச்சியைச் சமையலறையிலேயே வேகவைத்து, குழம்போடு கிண்ணத்தில் ஊற்றித் தரும் ‘மாவ்ச்சாய்’ மூன்றாவது. மாவ்ச்சாய் ஒருவேளைச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும், விலையும் குறைவு.

3. எந்த நேரத்துக்குப் போவது

மாலை 6 முதல் 8 வரை பிரபலமான கடைகளில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் காத்திருக்க வேண்டியிருக்கும். 5 மணிக்கே போய்விடுங்கள், அல்லது 8:30க்கு மேல் போங்கள். சோங்சிங்கில் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் கடைகள் நிறைய. மதியம் போனால் கூட்டமே இருக்காது. அக்டோபர் முதல் வார விடுமுறை, மே முதல் நாளையொட்டிய விடுமுறை, சீனப் புத்தாண்டு வாரம் ஆகியவற்றில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

வாசலில் வரிசை எண் கொடுப்பார்கள். சில இடங்களில் சீட்டு, சில இடங்களில் வீசாட்டில் ஸ்கேன் செய்ய வேண்டும். எண்ணைச் சீனத்தில்தான் கூப்பிடுவார்கள். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஊழியர் கண்ணில் படும்படி உட்காருங்கள். உங்கள் எண் தாண்டிப் போய்விட்டால் இன்னும் சில மேசைகள் கழிந்த பிறகே இடம் கிடைக்கும், சில கடைகளில் புது எண்தான் வாங்க வேண்டும்.

சாப்பிட ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இரவு ரயிலுக்கு முன்னால் அவசரமாக முடித்துவிடலாம் என்று போகாதீர்கள்.

4. குழம்பைத் தேர்ந்தெடுப்பது: இங்கேதான் நிதானம் வேண்டும்

உட்கார்ந்ததும் முதலில் கேட்பது குழம்பைத்தான். இதில் பிசகினால் பிறகு என்ன வரவழைத்தாலும் பயனில்லை. ஊழியர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்துவது போலத் தோன்றினாலும் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொழுப்பு. சோங்சிங், செங்டுவின் சிவப்புக் குழம்பு பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பில் செய்வது. அதன் பெயர் ‘நியூ யோ’. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், காய்கறியை மட்டும் அதில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். குழம்பின் அடிப்படையே அந்தக் கொழுப்புதான். கண்ணால் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. பாத்திரம் மேசைக்கு வரும்போது சிவப்பாக, கெட்டியாக ஒரு கட்டி மிதந்து, சூடேறச் சூடேற உருகினால் அது மாட்டுக் கொழுப்பு. தாவர எண்ணெயில் செய்த ‘ச்சிங் யோ’ குழம்பு, முதலிலேயே திரவமாக இருக்கும். செங்டுவில் ச்சிங் யோ கிடைக்கும் கடைகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். ஆனால் எண்ணெய் தாவர எண்ணெய் என்பதால் மட்டும் குழம்பு சைவம் ஆகிவிடாது. எண்ணெய்க்கு அடியில் ஊற்றும் சாறு எலும்பில் கொதிக்க வைத்ததாக இருக்கலாம்.

காரமில்லாத வெள்ளைக் குழம்பு பார்க்கச் சாதுவாக இருக்கும். அது நம் ஊர் எலும்பு சூப் போலத்தான்: பன்றி எலும்பு, கோழி, சில கடைகளில் இரண்டும். காளான் குழம்பும் தக்காளிக் குழம்பும் பெயரைக் கேட்டால் சைவமாகத் தோன்றும், பல கடைகளில் அவற்றுக்கும் எலும்புச் சாறுதான் அடிப்படை. சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நம்பகமான வழி வெறும் தண்ணீர்க் குழம்பு. ‘பாய் ஷுவே’ என்று கேளுங்கள். இஞ்சி, வெங்காயத்தாள், காளான், தக்காளி எல்லாவற்றையும் தனித் தட்டாக வாங்கிப் போட்டால், பத்து நிமிடத்தில் நல்ல சாறு உங்கள் கண்முன்னாலேயே தயாராகிவிடும். விலையும் மற்றக் குழம்புகளைவிடக் குறைவு.

இரண்டாவது, பாத்திரத்தின் அமைப்பு. ‘யுவான்யாங் குவோ’ என்றால் நடுவில் தடுப்பு வைத்த பாத்திரம், ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் வெள்ளை. முதல்முறை போகிறவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும். சோங்சிங்கில் ஒன்பது கட்டம் போட்ட பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு குழம்பு என்று எண்ணிவிடாதீர்கள். அது குழம்புக்குள் இறக்கி வைத்த சட்டம். அடியில் எல்லாம் ஒன்றாகக் கலந்த ஒரே காரக் குழம்புதான். நடுக் கட்டத்தில் கொதி அதிகம், ஓரத்தில் குறைவு. வேகும் நேரத்துக்கு ஏற்ப இடம் மாற்றத்தான் அந்தக் கட்டங்கள். தடுப்பு வைத்த பாத்திரத்திலும், கொதி ஏறும்போது சிவப்புப் பக்கம் வெள்ளைப் பக்கத்தில் தெறிக்கும். கண்டிப்பாகச் சைவம் கடைப்பிடிக்கிறவர்களும் மாட்டிறைச்சியைத் தொடாதவர்களும் ஒரே பாத்திரத்தைப் பகிர்ந்துகொள்ளாமல் ஆளுக்கொரு பாத்திரம் உள்ள கடைக்குப் போவதே நிம்மதி.

மூன்றாவது காரம். நாமெல்லாம் மிளகாய் பழகியவர்கள், மிதமான காரம் கேட்டால் சப்பென்று இருக்கும் என்ற நம்பிக்கையோடு போகாதீர்கள். இங்கே மிளகாயோடு சிச்சுவான் மிளகும் சேருகிறது. அது காரம் இல்லை, நாக்கையும் உதட்டையும் மரத்துப்போகச் செய்யும் வேறொரு உணர்வு. அதன் மேல் கொதிக்கும் எண்ணெய் வேறு. சோங்சிங்கில் ‘வெய் லா’ என்ற மிகக் குறைந்த படியே நன்றாக உறைக்கும். அதற்கு மேல் ‘ஜோங் லா’, ‘தெ லா’ உண்டு. முதல் நாள் வெய் லா போதும். மரப்பு பிடிக்கவில்லை என்றால் மிளகைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது கரண்டியால் மேலே மிதப்பதை அள்ளி வெளியே வைத்துவிடுங்கள்.

கிளம்பும் முன்பே மொழிபெயர்ப்புச் செயலியில் உங்கள் கட்டுப்பாட்டை முழு வாக்கியமாக எழுதி, சீனத்தில் மாற்றி, ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமித்து வையுங்கள். ‘நான் சைவம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘மாட்டுக் கொழுப்பு, எலும்புச் சாறு, இறைச்சி, மீன், சிப்பிச் சாஸ் எதுவும் வேண்டாம்’ என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். நிலக்கடலை, எள் ஒவ்வாமை இருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். இரண்டும் தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தில் சர்வசாதாரணம்.

5. தட்டுகளை வரவழைப்பது

மேசையில் இருக்கும் க்யூஆர் கோடை வீசாட்டில் ஸ்கேன் செய்தால் மெனு திறக்கும். சில சமயம் உறுப்பினராகச் சேரச் சொல்லும், உள்ளூர் எண் கேட்கும். முடியவில்லை என்றால் ‘ச்சாய்தான்’ என்று கேளுங்கள், தாளில் அச்சடித்த பட்டியலும் பென்சிலும் பல கடைகளில் இருக்கும். அதை மொழிபெயர்ப்புக் கேமராவில் பார்த்து டிக் போடலாம்.

கேமரா மொழிபெயர்ப்பு உறுப்புகளின் பெயரில் அடிக்கடி தடுமாறும். அதனால் இந்தப் பெயர்களை நினைவில் வையுங்கள்: ‘மாவ்தூ’ மாட்டின் இரைப்பை. ‘யாச்சாங்’ வாத்துக் குடல். ‘ஹுவாங்ஹோ’ மாடு அல்லது பன்றியின் பெரிய ரத்தக்குழாய். ‘நாவ்ஹுவா’ பன்றி மூளை. ‘யாஷுயே’ உறையவைத்த வாத்து ரத்தம், பார்க்கக் கருஞ்சிவப்பு டோஃபு மாதிரி இருக்கும். போட்டியும் ரத்தப் பொரியலும் பிடித்தவர்களுக்கு இந்தப் பகுதி விருந்துதான். மாவ்தூவைத் தவறவிடாதீர்கள். இறைச்சிகளில் ‘நியூ ரோ’ மாடு, ‘யாங் ரோ’ ஆடு, ‘ஜூ ரோ’ பன்றி, ‘ஜீ ரோ’ கோழி. வெறுமனே ‘ரோ’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பன்றி.

சைவத்தில் தாமரைக் கிழங்கு, உருளைக்கிழங்கு, வெள்ளைப்பூசணி, பல வகைக் காளான், டோஃபு, உறையவைத்த டோஃபு, டோஃபு தோல், முளைகட்டிய பயறு, கீரைகள், சர்க்கரைவள்ளி மாவில் செய்த அகலமான நூடுல்ஸ் எல்லாம் உண்டு. உறையவைத்த டோஃபு முழுக்க ஓட்டைகள் இருக்கும், சாறு இழுத்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். ஒவ்வொரு தட்டும் பெரிது. ‘பான் ஃபென்’ என்று பாதி அளவு கேட்டு வாங்குங்கள். இருவருக்கு இரண்டு இறைச்சித் தட்டும் நான்கு காய்கறித் தட்டும் தாராளம். முதலில் குறைவாக வரவழைத்து, போதாவிட்டால் அப்புறம் கேட்கலாம்.

இருவருக்கான செலவு தோராயமாக இப்படி வரும்: குழம்பு 60 யுவான், தொட்டுக்கொள்ளும் கிண்ணம் ஆளுக்கு 6 வீதம் 12, இறைச்சித் தட்டு இரண்டு 80, காய்கறி நான்கு 48, குடிக்க 20. மொத்தம் 220 யுவான், ஆளுக்கு ஏறக்குறைய 1,300 ரூபாய். மேசையில் ஏற்கெனவே வைத்திருக்கும் டிஷ்யூ பொட்டலம், தேநீர், கொறிக்கத் தரும் சின்னத் தட்டு ஆகியவற்றுக்குச் சில கடைகளில் தனிக் கட்டணம் உண்டு. பிரிக்கும் முன் கேட்டுவிடுங்கள். டியான்பிங் என்ற உணவகச் செயலியில் இருவர், நால்வர் செட் கூப்பன்கள் கிடைக்கும், சேமிப்பு கணிசமானது. ஆனால் வார நாளில் மட்டும், இந்த நேரத்துக்குள் மட்டும் என்று நிபந்தனை இருக்கும். ஆர்டர் போடும் முன்பே கூப்பனைக் காட்ட வேண்டும், சாப்பிட்ட பிறகு காட்டினால் ஏற்காத கடைகள் உண்டு.

குடிக்க, காரத்தைத் தணிக்கப் புளிப்பு பிளம் சாறு, வாங்லாவ்ஜி மூலிகைத் தேநீர், சோயா பால் கேளுங்கள். தண்ணீர் என்று கேட்டால் பெரும்பாலும் சுடுதண்ணீர்தான் வரும். சோறு தனியாகக் கேட்டால்தான் தருவார்கள்.

6. தொட்டுக்கொள்ளும் கிண்ணம்

செங்டுவிலும் சோங்சிங்கிலும் வழக்கமானது எண்ணெய்க் கிண்ணம். ஆளுக்கொரு சின்ன டின்னில் எள் எண்ணெய் தருவார்கள். வறுத்த எள்ளில் வரும் வாசம், நம் நல்லெண்ணெயைவிடத் தூக்கலாக இருக்கும். அதைக் கிண்ணத்தில் ஊற்றி, நசுக்கிய பூண்டு நிறைய, கொத்தமல்லித்தழை, வெங்காயத்தாள், கொஞ்சம் உப்பு, சில சொட்டு வினிகர் சேர்த்துக் கலக்குங்கள். குழம்பிலிருந்து எடுத்த துண்டை இதில் ஒருமுறை புரட்டினால் சூடு இறங்கும், காரமும் மட்டுப்படும். சிவப்புக் குழம்புக்கு மேல் மீண்டும் மிளகாய் சேர்க்க வேண்டியதில்லை. சைவர்கள் சிப்பிச் சாஸ் பாட்டிலைத் தவிர்க்கவும். கறுப்பாக, கெட்டியாக இருப்பதால் சோயா சாஸோடு குழப்பிக்கொள்வது எளிது. பெய்ஜிங் வகைக் கடையில் எண்ணெய்க்குப் பதில் எள் விழுது வரும், அந்த ஆட்டிறைச்சிக்கு அதுதான் பொருத்தம்.

7. வேகவைப்பது

குழம்பு நன்றாகக் கொதித்த பிறகே போடத் தொடங்குங்கள். எல்லாத் தட்டையும் ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டால் கொதி அடங்கிப்போகும், எது வெந்தது என்றும் தெரியாது. முதலில் இறைச்சி, அப்புறம் காய்கறி என்பது அங்கத்திய வழக்கம். சிவப்புப் பக்கத்தில் கீரை போட்டால் அது எண்ணெயையும் மிளகையும் அப்படியே இழுத்துக்கொள்ளும், கடிக்கவே முடியாது. கீரைக்கு வெள்ளைப் பக்கம்தான் சரி.

மாவ்தூவைக் குழம்பில் விட்டுவிடக் கூடாது. குச்சியில் பிடித்தபடியே ஏழெட்டு முறை முக்கி எடுக்க வேண்டும், மொத்தம் 15 விநாடி. அதற்கு மேல் போனால் ரப்பராகிவிடும். வாத்துக் குடலுக்கும் அதே கணக்கு, ஓரம் சுருளும்போது எடுத்துவிடுங்கள். மெல்லிய மாடு, ஆட்டுத் துண்டுகள் நிறம் மாறியதும் சில விநாடியில் தயார். பன்றி, கோழி, இறால் உருண்டை ஆகியவற்றை முழுக்க வேகவிடுங்கள், உருண்டைகள் மேலே மிதந்த பிறகும் ஓரிரு நிமிடம் விடவும். உருளைக்கிழங்கு துண்டின் தடிமனைப் பொறுத்து 5 முதல் 8 நிமிடம். மூளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டும், ஓட்டைக் கரண்டியில் வைத்தே வேகவிட்டால் உடையாது. பீன்ஸ் போட்டால் பத்து நிமிடமாவது கொதிக்க விடுங்கள், அரைவேக்காட்டுப் பீன்ஸ் வயிற்றைக் கெடுக்கும்.

யுன்னானில் காட்டுக் காளான் ஹாட்பாட் சாப்பிடப் போனால் விதி இன்னும் கடுமை. ஊழியர் கடிகாரம் வைத்துவிட்டுப் போவார், நேரம் முடியும் வரை குச்சியே தராத கடைகளும் உண்டு. ஒரு வாய் ருசி பார்க்கலாமே என்று தொடாதீர்கள். சில காளான்கள் சரியாக வேகாவிட்டால் விஷம்.

பச்சை இறைச்சியைத் தொட்ட குச்சியால் சாப்பிடக் கூடாது. பொதுக் குச்சி என்று நீளமாக ஒரு ஜோடி வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கூடுதலாக ஒரு ஜோடி கேளுங்கள். சிவப்புக் குழம்பை யாரும் குடிப்பதில்லை, நீங்களும் முயல வேண்டாம். வெள்ளைக் குழம்பைக் குடிப்பதென்றால் இறைச்சி போடும் முன், கொதித்ததும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரமாக ஆகக் குழம்பு வற்றி உப்பு ஏறும். ‘ஜியா தாங்’ என்றால் சாறு ஊற்றுவார்கள், இதற்குப் பணம் கேட்க மாட்டார்கள்.

குழந்தைகளோடு போகிறவர்கள், அவர்களை ஊழியர் வந்து சாறு ஊற்றும் பக்கம் உட்கார வைக்காதீர்கள்.

8. பில்லும் அதற்குப் பிறகும்

‘மாய்தான்’ என்றால் பில் வரும். வரவழைத்த தட்டுகளின் எண்ணிக்கையையும் குழம்பு, கிண்ணம், டிஷ்யூ வரிகளையும் ஒருமுறை மொழிபெயர்ப்புக் கேமராவில் சரிபாருங்கள். டிப்ஸ் கிடையாது. தொகை 200 யுவானைத் தாண்டினால், ஒன்றாகப் போனவர்கள் ஆளுக்கொரு பகுதியாக 200க்குள் பிரித்துக் கட்டலாமா என்று கல்லாவில் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், அந்த 3 சதவீதம் மிச்சம். மேசைக் க்யூஆர் வழியே கட்டினால் பிரிக்க முடியாது, கல்லாவுக்கே போக வேண்டும். பணம் போகவில்லை என்று செயலி சொன்னால், உடனே திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். வங்கியின் குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்னொரு அட்டைக்கு மாறுங்கள்.

உடையில் மாட்டுக் கொழுப்பு வாசம் நிச்சயம் ஏறும். கடையில் தரும் ஏப்ரனைக் கட்டிக்கொள்ளுங்கள், மேல்கோட்டுக்கு உறையோ நாற்காலி மூடியோ கேளுங்கள். மறுநாள் போட வேண்டிய ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு போகாமல் இருப்பது நல்லது. வயிறு பழகாதவர்களுக்கு அடுத்த நாள் காலை கொஞ்சம் சிரமமாக இருக்கும். நெடுந்தூர ரயிலையோ மலையேற்றத்தையோ அந்தக் காலையில் வைக்காதீர்கள். ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றும், வழக்கமாக எடுக்கும் வயிற்று மாத்திரையும், டிஷ்யூவும் பையில் இருக்கட்டும். பொதுக் கழிப்பறைகள் பலவற்றில் டிஷ்யூ இருக்காது.